அலபாமா நீதிபதி ஃபிராங்க் ஜான்சன்: ஒரு மாவட்ட நீதிபதியின் உத்தரவுகள் ஒரு மாநிலம் முழுக்க எப்படிச் செல்லுபடியாயின?

வாய்தா:

அமெரிக்க ஃபெடரல் நீதிபதி ஃபிராங்க் எம். ஜான்சனைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். 1955 முதல் 1979 வரை மாவட்ட நீதிபதி, பிறகு மேல்முறையீட்டு நீதிபதி, 1999ல் இறக்கும்வரை நீதிபதி. பஸ் வழக்கு, வாக்காளர் பதிவு, செல்மா பேரணி, பள்ளிக்கூடம், மனநல மருத்துவமனை, சிறை என்று அந்த மாநிலத்தில் எதைத் தொட்டாலும் இவர் பெயர் வந்து நிற்கிறது. எனக்குப் பிடிபடாதவை மூன்று.

ஒன்று: மாவட்ட நீதிமன்றம் என்பது அங்கே ஃபெடரல் அமைப்பின் அடிப்படி. அங்கே உட்கார்ந்துகொண்டு மாநிலச் சட்டத்தைச் செல்லாது என்று எப்படிச் சொன்னார்? அப்பீல் போட்டு வருஷக்கணக்கில் இழுத்தடிக்க ஏன் முடியவில்லை?

இரண்டு: கவர்னர் ஜார்ஜ் வாலஸே எதிர்ப்பக்கம் நின்றார். போலீஸ் அவர் கையில், பட்ஜெட் அவர் கையில். உத்தரவு காகிதத்தோடு நின்றுபோகாமல் நடைமுறைக்கு வந்தது எப்படி?

மூன்று: 44 வருடம் என்கிறார்களே, ஓய்வு வயது கிடையாதா? நம் ஊரில் உயர்நீதிமன்றத்தில் 62, உச்சநீதிமன்றத்தில் 65 என்று கணக்கு இருக்கிறது.

பெருமை பாடும் கட்டுரைகள் நிறையக் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியது வேலை நடந்த விதம்.


பிரமாணப் பத்திரம்:

உங்கள் முதல் கேள்விக்கு விடை பாதி ஊரில் இருக்கிறது, பாதி நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது.

ஃபெடரல் நீதிமன்றக் கணக்கில் அலபாமாவுக்கு மூன்று மாவட்டங்கள்: வடக்கு, நடு, தெற்கு. தலைநகரம் மான்ட்கோமரி நடு மாவட்டத்துக்குள் வருகிறது. கவர்னர், கல்வி வாரியம், சிறைத்துறை, மனநலத்துறை, நெடுஞ்சாலைப் போலீஸ் எல்லாவற்றுக்கும் தலைமை அலுவலகம் அங்கேதான். அதிகாரிகள் மேல் வழக்குப் போட அவர்கள் அலுவலகம் இருக்கும் ஊர் போதும். 1955ல் ஜான்சன் போய் உட்கார்ந்தபோது நடு மாவட்டத்துக்கு இருந்தது ஒரே ஒரு நீதிபதி இடம். ஆக, மாநில அரசுக்கு எதிரான பெரிய வழக்குகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே மேஜைக்குத்தான் வந்தன.

அந்த மேஜைக்கு அவர் வந்த வழியும் தற்செயல் இல்லை. பிறந்தது 1918 அக்டோபர் 30, வட அலபாமாவின் வின்ஸ்டன் கவுண்டி (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பிரிவு). 1861ல் மாநிலம் ஐக்கியத்தை விட்டுப் பிரிந்தபோது எதிர்த்து நின்ற மலைப்பகுதி அது. தென்மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சியாக இருந்த காலத்தில் அங்கே குடியரசுக் கட்சி வேரூன்றியிருந்தது. அப்பாவும் அந்தக் கட்சிக்காரர். அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தது 1943ல். அங்கே உடன்படித்தவர் ஜார்ஜ் வாலஸ். பிறகு காலாட்படை, நார்மண்டியில் காயம். திரும்பி வந்து ஜாஸ்பர் என்ற சிறு ஊரில் வக்கீல் தொழில். 1952 ஜனாதிபதித் தேர்தலில் ஐசன்ஹோவருக்காக மாநிலத்தில் வேலை. 1953ல் வடக்கு மாவட்டத்தின் ஃபெடரல் அரசு வழக்கறிஞர். அங்கே கடனைக் காட்டிக் கறுப்பினத் தொழிலாளிகளைக் கொத்தடிமையாக வைத்திருந்தவர்களை வழக்குப் போட்டுத் தண்டனை வாங்கிக் கொடுத்தார். வெள்ளையர் மட்டுமே உட்காரும் ஜூரி முன்னால் இப்படிப்பட்ட வழக்கை ஜெயிக்க ஆதாரத்தை எப்படி அடுக்க வேண்டும் என்ற பயிற்சி அப்போதே கிடைத்துவிட்டது. என் கணக்கில் அவருடைய பிற்காலத் தீர்ப்புகளுக்கெல்லாம் அஸ்திவாரம் இங்கேதான்.

1955 அக்டோபர் 22 அன்று ஐசன்ஹோவர் அவரை நியமித்தது செனட் கூடாத இடைவெளியில். அது தற்காலிக நியமனம். செனட்டின் அடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் பதவி போய்விடும். செனட் 1956 ஜனவரி 31 அன்று ஒப்புதல் கொடுத்தது. அப்போது வயது 37. மறுநாள், பிப்ரவரி 1, வழக்கறிஞர் ஃபிரெட் கிரே பஸ்ஸில் கறுப்பினத்தவரைத் தனியாக உட்கார வைத்த சட்டங்களை எதிர்க்கும் மான்ட்கோமரி பஸ் வழக்கைத் தாக்கல் செய்தார். அதுதான் பிரௌடர் எதிர் கேல். தேதிகள் இப்படி விழாமல் போயிருந்தால், செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் கையில் தன் பதவி தொங்கிக்கொண்டிருக்கும்போதே இந்த வழக்கை அவர் எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். அன்றைய ஃபெடரல் சட்டப்படி, ஒரு மாநிலச் சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி அதைத் தடுத்து உறுத்துக்கட்டளை (நீதிமன்றத் தடை ஆணை) கேட்டால், தனி நீதிபதி தீர்ப்பளிக்க முடியாது. மூன்று பேர் அமர்வு வேண்டும். அதில் ஒருவராவது மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து வர வேண்டும். ஜான்சனுடன் உட்கார்ந்தவர்கள் ரிச்சர்ட் ரைவ்ஸ், செய்போர்ன் லின். இந்த அமர்வின் தீர்ப்பை எதிர்த்தால் நேராக உச்சநீதிமன்றம்தான். நடுவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ற படியே கிடையாது. உங்கள் "ஏன் இழுத்தடிக்கவில்லை" என்ற கேள்விக்கு முக்கால்வாசி பதில் இதுதான். மே 11ல் விசாரணை, ஜூன் 5ல் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு, நவம்பர் 13ல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. பதினைந்து நாள் வாய்தாவுக்கே பழகிப்போன நமக்கு நம்பக் கஷ்டமான வேகம். 1976ல் இந்த மூவர் அமர்வு முறையைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். இன்று இதே மாதிரி வழக்கு இந்த வழியில் போகாது.

அந்த வழக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பஸ்ஸில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் மனுதாரர்களில் இல்லை. அவருடைய குற்ற வழக்கு மாநில நீதிமன்றத்தில் அப்பீலில் இருந்தது. அவரைச் சேர்த்தால், அந்த வழக்கைத் தட்டிக்கழிக்கவே இங்கே வந்திருக்கிறார் என்ற ஆட்சேபம் கிளம்பும். அதனால் அரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் நால்வரை வைத்து நடத்தினார்கள். லின் எழுதிய மாறுபட்ட தீர்ப்பும் வெறும் இனவெறி இல்லை. தனித்தனியாக வைத்தாலும் சமமாக இருந்தால் போதும் என்ற 1896ன் பிளெஸ்ஸி தீர்ப்பை உச்சநீதிமன்றம் போக்குவரத்து விஷயத்தில் வெளிப்படையாக ரத்து செய்யவில்லை, அதைச் செய்ய நாம் யார் என்பது அவர் கேள்வி. பள்ளிக்கூடத்தில் இனப்பிரிவினை செல்லாது என்ற பிரவுன் தீர்ப்பிலேயே பிளெஸ்ஸியின் அடிப்படை போய்விட்டது என்று ரைவ்ஸும் ஜான்சனும் எடுத்துக்கொண்டார்கள்.


ஆவணக்கட்டு:

மேலே பிரமாணப் பத்திரம் என்ற பெயரில் எழுதியவர் மூவர் அமர்வைச் சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்விக்கு வாக்காளர் வழக்குகளைப் பார்க்க வேண்டும். அவற்றில்தான் ஜான்சனின் கை தெளிவாகத் தெரியும்.

மேக்கன் கவுண்டியில், அதாவது டஸ்கீகி இருக்கும் கவுண்டியில், வாக்காளர் பதிவாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஃபெடரல் அரசின் நீதி இலாகா 1957ம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட வந்ததும் ராஜினாமா செய்துவிட்டார்கள். பிரதிவாதி இல்லை. அப்படியானால் மாநிலத்தையே பிரதிவாதியாக்கலாமா என்றால், 1957 சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஜான்சன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். மனசுக்குப் பிடித்ததைச் செய்கிற நீதிபதியாக இருந்தால் அங்கேயே ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பார். இவர் சட்டத்தின் வாசகத்தோடு நின்றார். 1960ல் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி மாநிலத்தையும் பிரதிவாதியாக்கலாம் என்றது. உச்சநீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1961ல் அதே ஜான்சன் அதே கவுண்டிக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார். இரண்டு தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் ஆளைப் புரிந்துகொள்ள முடியும்.

1960 சட்டத்தின் இன்னொரு பிரிவு பதிவேடுகளைப் பாதுகாத்துத் தரச் சொன்னது. அதை வைத்து, வாக்காளராகப் பதிய எழுதும் தேர்வும் சேர்ந்த விண்ணப்பங்களை ஆயிரக்கணக்கில் படமெடுத்தார்கள். வழக்கின் உயிர் அந்தப் படங்கள்தான். "பாகுபாடு காட்டினார்கள்" என்று சாட்சி சொன்னால் "இல்லை" என்று பதிவாளர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆனால் ஒரே தவறு செய்த இரண்டு விண்ணப்பங்களைப் பக்கத்தில் வைத்து, வெள்ளையருடையது ஏற்கப்பட்டது, கறுப்பினத்தவருடையது நிராகரிக்கப்பட்டது என்று காட்டினால் பதில் கிடையாது. வெள்ளை விண்ணப்பதாரருக்குப் பதிவாளரே பதில் சொல்லிக் கொடுத்தது பல படிவங்களில் ஒரே மாதிரி வாசகம் வந்ததிலேயே தெரிந்தது.

1962ல் மான்ட்கோமரி கவுண்டி வழக்கில் ஜான்சன் எடுத்த பரிகாரம் முக்கியம். இனிமேல் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடுமையான தேர்வு வையுங்கள் என்று சொன்னால் நியாயம்போலத் தோன்றும். ஆனால் வெள்ளையர்கள் ஏற்கெனவே சலுகையில் பதிவாகிவிட்டார்கள். கடுமை முழுவதும் புதிதாக வருகிற கறுப்பினத்தவர் தலையில்தான் விழும். அதனால் முன்பு வெள்ளையருக்குக் காட்டிய அதே இளகிய அளவுகோலையே கறுப்பின விண்ணப்பதாரருக்கும் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். பாகுபாட்டின் விளைவு தீரும்வரை விதியை அப்படியே உறைய வைப்பது. இந்த ஒரு யோசனை இல்லாவிட்டால் வாக்குரிமை வழக்குகளில் ஜெயித்தும் தோற்றிருப்பார்கள்.

வாலஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1958 கடைசியில் அவர் பார்பர், புல்லக் கவுண்டிகளுக்கு மாநில நீதிபதி. சிவில் உரிமை ஆணையம் வாக்காளர் பதிவேடு கேட்டது. தர மாட்டேன் என்று ஊருக்கெல்லாம் கேட்கச் சொன்னார். ஜான்சன் தரச் சொல்லி உத்தரவிட்டதும் பதிவேடுகளை கிராண்ட் ஜூரியிடம் (குற்றம் சாட்டலாமா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) கொடுத்தார்; ஜூரி வழியாக ஆணையத்தின் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். 1959 ஜனவரியில் அவமதிப்பு வழக்கில் ஜான்சன் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார். விடுவித்த காரணத்தைத்தான் பார்க்க வேண்டும்: வெளியில் எதிர்ப்பதுபோல் காட்டிக்கொண்டு மறைமுகமாகப் பதிவேடு கிடைக்க வழி செய்துவிட்டார், ஆகவே உத்தரவு நிறைவேறிவிட்டது. ஜெயிலுக்கு அனுப்பியிருந்தால் வாலஸ் தியாகியாகியிருப்பார். தீர்ப்பில் உண்மையை எழுதியதால் அந்த வாய்ப்பு போயிற்று. அதற்குப் பிறகு வாலஸ் மேடைதோறும் அவரைத் திட்டியதற்கு மூலம் இதுதான்.

செல்மா: 1965 மார்ச் 7 ஞாயிறு, வாக்குரிமை கேட்டு மான்ட்கோமரிக்குக் கிளம்பிய பேரணியை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் போலீஸ் அடித்து விரட்டியது. மறுநாள் ஹோசியா வில்லியம்ஸ், ஜான் லூயிஸ், அமீலியா பாய்ன்டன் வழக்குப் போட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது உடனே அனுமதி. ஜான்சன் 9ம் தேதி, விசாரணை முடியும்வரை பேரணி நடக்கக்கூடாது என்று தடை போட்டார். அன்றைக்கு மார்ட்டின் லூதர் கிங் பாலம்வரை போய்த் திரும்பியது இந்தத் தடையால்தான். பலருக்கு இதில் இன்னும் கோபம் உண்டு. ஆனால் அந்த நாட்களில் அவர் செய்தது சாட்சியத்தைக் கட்டியது. பாலத்தில் எடுத்த தொலைக்காட்சிப் படச்சுருளை நீதிமன்றத்தில் ஓடவிட்டார்கள். டல்லஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதில் சுமார் 15,000 கறுப்பினத்தவர் இருந்தும் பதிவானவர்கள் சில நூறு பேர் என்ற கணக்கு ஏறியது.

17ம் தேதி வந்த தீர்ப்பின் சாரம்: போராடும் உரிமையின் அளவு, எதிர்த்துப் போராடும் அநீதியின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சாதாரண நாளில் நெடுஞ்சாலையை மறித்து நடக்க யாருக்கும் உரிமை இல்லை. இங்கே அநீதி அவ்வளவு பெரியது, ஆகவே உரிமையும் பெரியது. அதோடு நிற்காமல் மனுதாரர்களிடம் பயணத் திட்டம் எழுதி வாங்கித் தீர்ப்போடு சேர்த்தார். நெடுஞ்சாலை 80ல் நான்கு தடம் உள்ள இடத்தில் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. இரண்டு தடமாகக் குறுகும் பகுதியில் 300 பேருக்கு மேல் கூடாது. பாதுகாப்புக் கொடுக்கப் பணமில்லை என்று வாலஸ் கைவிரித்ததும், ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அலபாமா தேசியக் காவல்படையையே ஃபெடரல் கட்டுப்பாட்டுக்குள் எடுத்துப் பாதுகாப்புக்கு நிறுத்தினார். 21ம் தேதி கிளம்பி 25ம் தேதி மான்ட்கோமரி.

இந்த வேலைக்கு விலை இருந்தது. வீட்டு வாசலில் சிலுவை எரித்தார்கள். 1967 ஏப்ரலில் மான்ட்கோமரியில் அவருடைய அம்மா வீட்டில் குண்டு வெடித்தது. அம்மா உயிர் தப்பினார். பல வருடம் ஃபெடரல் மார்ஷல்கள் வீட்டைக் காவல் காத்தார்கள்.


மருந்துச்சீட்டு:

மேலே சொன்னவை எல்லாம் "இதைச் செய்யாதே" வகை உத்தரவுகள். 1970க்குப் பிறகு "இதைச் செய்" வகை தொடங்குகிறது. அவற்றை நிறைவேற்றுவதுதான் கஷ்டம். வயாட் எதிர் ஸ்டிக்னி வழக்கை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு நீதிபதி எந்த அளவுக்கு இறங்கி எழுத முடியும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி இல்லை.

டஸ்கலூசாவில் பிரைஸ் மனநல மருத்துவமனை. 1970ல் அங்கே ஏறத்தாழ 5,000 நோயாளிகள். சிகரெட் வரி வசூல் குறைந்ததால் 99 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்குப் போட்டவர்கள் ஊழியர்களும் நோயாளிகளும் சேர்ந்து. ரிக்கி வயாட் என்ற பதின்மவயதுப் பையனின் பெயரில் வழக்கு. வேலைநீக்கம் மாநிலத்தின் விஷயம், அது என் முன்னால் நிற்காது என்று ஜான்சன் முதலிலேயே ஒதுக்கிவிட்டார். மிஞ்சியது ஒரே கேள்வி: குற்றம் எதுவும் செய்யாத ஒருவரைச் சிகிச்சைக்கு என்று சொல்லிப் பூட்டி வைத்துவிட்டுச் சிகிச்சை கொடுக்காவிட்டால் அது என்ன? 1971 மார்ச் 12 தீர்ப்பில் அவர் சொன்னது, சிகிச்சை இல்லாத மருத்துவமனை தண்டனைக்காலம் குறிக்காத சிறை, அது முறைப்படியான சட்ட நடைமுறை உரிமையை மீறுகிறது. 5,000 பேருக்கு மனநலப் பயிற்சி கொஞ்சமாவது உள்ள மருத்துவர் மூன்று பேர், முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளர் ஒருவர், முதுகலை முடித்த சமூகப் பணியாளர் இருவர். இதுதான் அன்றைய நிலை.

உடனே ஆணை போடவில்லை, பாருங்கள். மாநிலத்துக்கு 90 நாளில் தரநிலை எழுதித் தரவும் ஆறு மாதத்தில் அமலாக்கவும் அவகாசம் கொடுத்தார். டிசம்பரில் பார்த்தால் உருப்படியாக எதுவும் இல்லை. அப்போது மூன்று அடிப்படைகளை வைத்தார்: மனிதத்தன்மையுள்ள சூழல், தகுதியுள்ள போதிய ஊழியர், ஒவ்வொருவருக்கும் தனிச் சிகிச்சைத் திட்டம். பிறகு தொழில்முறைச் சங்கங்களை நீதிமன்ற உதவியாளர்களாக வரவழைத்து, இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் அம்சங்களை முதலில் எழுத வைத்தார். 1972 ஏப்ரல் 13 உத்தரவின் பின்னிணைப்பில் வந்தவை அப்படி உருவானவைதான். நீதிபதி தானாக நினைத்து எழுதியவை அல்ல. அதனால்தான் அப்பீலிலும் நின்றது.

சிலதை மட்டும் தருகிறேன். ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. ஆளுக்கு 80 சதுர அடி. தனி அறை என்றால் 100. எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை, ஆறு பேருக்கு ஒரு கை கழுவும் தொட்டி, பதினைந்து பேருக்கு ஒரு குளியல் இடம். அறை வெப்பம் 68 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகக்கூடாது, 83க்கு மேலே ஏறக்கூடாது. குழாயில் வெந்நீர் 110 டிகிரி. 250 நோயாளிகளுக்கு இரண்டு மனநல மருத்துவர், நான்கு பொது மருத்துவர், பன்னிரண்டு பதிவு பெற்ற நர்ஸ். அனுமதித்த 48 மணி நேரத்துக்குள் முழு உடல், மனப் பரிசோதனை. ஐந்து நாளுக்குள் சிகிச்சைத் திட்டம். நோயாளிகளைக் கூலியில்லாமல் துடைக்கவும் துவைக்கவும் வைக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியை வெளியாட்கள் சாதாரணமாகக் கடந்துபோவார்கள். ஆனால் அப்படிப்பட்ட மருத்துவமனைகள் ஓடிக்கொண்டிருந்ததே நோயாளிகளின் உழைப்பில்தான்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? "போதுமான கழிப்பறை இருக்க வேண்டும்" என்று எழுதினால் எத்தனை போதும் என்று அடுத்த பத்து வருடம் வாதிடுவார்கள். எட்டுக்கு ஒன்று என்று எழுதிவிட்டால் எண்ணிப் பார்த்துவிடலாம். அவமதிப்பு நடவடிக்கைக்கும் அதுதான் வசதி: மீறியதை நிரூபிக்க டேப்பும் தெர்மாமீட்டரும் போதும்.

அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கான பார்ட்லோ பள்ளியின் நிலை இதைவிட மோசம். அங்கே 1972 மார்ச் தொடக்கத்திலேயே அவசர உத்தரவு: 30 நாளில் 300 பராமரிப்பாளர்களை வேலைக்கு எடுக்க வேண்டும். ஆள் கிடைக்காது, பணி விதிகள் தடுக்கும் என்ற சாக்கை முன்கூட்டியே அடைத்து, விதியைத் தளர்த்தி எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள்.

பக்கவிளைவையும் சொல்ல வேண்டும். ஊழியர் விகிதத்தை எட்ட இரண்டு வழி: ஊழியரைக் கூட்டலாம், நோயாளியைக் குறைக்கலாம். மாநிலம் இரண்டாவதை நன்றாகப் பயன்படுத்தியது. சில ஆண்டுகளில் பிரைஸின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. உள்ளே தேவையே இல்லாமல் கிடந்தவர்கள் வெளியே வந்தது நன்மை. ஆனால் வெளியே போனவர்களுக்கு ஊரில் சிகிச்சை மையம் கட்டும் வேலை அதே வேகத்தில் நடக்கவில்லை. வழக்கு முடிந்தது 2003 டிசம்பரில், வேறொரு நீதிபதியிடம். 33 வருடம்.


எதிர்வாதம்:

எல்லாரும் வெற்றியை மட்டும் அடுக்குகிறீர்கள். ஜான்சன் சறுக்கிய இடங்களையும் வைத்தால்தான் நண்பர் வாய்தா கேட்டதற்குப் பதிலாகும்.

டஸ்கீகி எல்லை வழக்கு, கொமில்லியன் எதிர் லைட்ஃபுட். கறுப்பின வாக்காளர்களை நகரத்துக்கு வெளியே தள்ள, சதுரமாக இருந்த ஊர் எல்லையை 28 பக்கமுள்ள உருவமாக வெட்டினார்கள். ஜான்சன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். எல்லை வகுப்பது மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரம் என்ற பழைய முன்தீர்ப்புகளைப் பின்பற்றினார். 1960ல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக மாற்றியது. அவர் முன்தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்பதற்கு இது சான்று. அதே சமயம், பஸ் வழக்கில் காட்டிய துணிச்சல் இங்கே இல்லை என்பதும் உண்மை.

1961ல் பஸ்ஸில் இனப்பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்த ஃபிரீடம் ரைடர்ஸ் மான்ட்கோமரியில் அடிவாங்கியபோது கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்கும் நகரப் போலீசுக்கும் எதிராகத் தடை போட்டார். கூடவே பயணிகளுக்கும் தற்காலிகத் தடை போட்டார். நடுநிலை என்று சிலர் மெச்சுவார்கள். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தராசில் வைத்ததாகவே நான் பார்க்கிறேன்.

சிறை வழக்குதான் பெரிய பாடம். ஃபவுண்டன் சிறை 632 பேருக்குக் கட்டியது, உள்ளே 1,100க்கு மேல். டிரேப்பரும் 632க்குக் கட்டியதுதான், உள்ளே ஆயிரத்துக்கு மேல். விசாரணையின் நடுவிலேயே மாநிலத்தின் வக்கீல்கள் அரசியலமைப்பின் கொடூரத் தண்டனைத் தடையை மீறியதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 1976 ஜனவரி 13ல் தீர்ப்பு. ஆனால் அதற்கு முன்பே, 1975 ஆகஸ்டில், கூட்டம் குறையும்வரை புதிய கைதிகளைச் சேர்க்கக்கூடாது என்று இன்னொரு ஃபெடரல் நீதிபதியோடு சேர்ந்து உத்தரவிட்டார். கைதிகள் எங்கே போவார்கள்? கவுண்டி ஜெயில்களில் தேங்கினார்கள். ஓர் இடத்து நெரிசல் இன்னோர் இடத்துக்கு மாறியது.

கண்காணிக்க 39 பேர் கொண்ட மனித உரிமைக் குழு அமைத்தார். 1977ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குழுவைக் கலைத்தது. கண்காணிப்பாளர் வைக்கலாம், சிறை நிர்வாகத்தில் தலையிடும் குழு கூடாது என்றது. 1978ல் உச்சநீதிமன்றம் இன்னொரு கட்டத்தில் வெட்டியது: மாநிலத்தையும் சிறை வாரியத்தையும் நேரடிப் பிரதிவாதியாக வைத்தது அரசியலமைப்பின் பதினோராவது திருத்தப்படி (மாநிலத்தின் மேல் ஃபெடரல் நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போடுவதைத் தடுப்பது) செல்லாது, அதிகாரிகளைத்தான் வைக்க முடியும். இப்படிப்பட்ட வழக்கு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் முதலில் சரிபார்ப்பது இதைத்தான்.

கடைசியில் வேலை செய்தது வேறு வழி. 1979ல் வாலஸ் போய் ஃபாப் ஜேம்ஸ் கவர்னரானதும், சிறைகளுக்கு அவரையே ரிசீவராக, அதாவது நீதிமன்றத்தின் சார்பில் நிர்வகிப்பவராக, ஜான்சன் நியமித்தார். உத்தரவுக்கு எதிராக நின்ற பதவியிடமே உத்தரவை நிறைவேற்றும் பொறுப்பு. நான் அவருடைய எல்லா உத்திகளிலும் இதைத்தான் மேலாக மதிப்பேன்.


வாய்தா:

மூவர் அமர்வும் ரிசீவர் விஷயமும் எனக்குப் புதிது. எல்லாருக்கும் நன்றி. மூன்றாவது கேள்வி இன்னும் பாக்கி. 1979ல் மேலே போனபிறகு என்ன ஆனார்?


பிரமாணப் பத்திரம்:

ஃபெடரல் நீதிபதிக்கு ஓய்வு வயது இல்லை. அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு "நன்னடத்தை உள்ளவரை" பதவி என்கிறது; சம்பளத்தையும் குறைக்க முடியாது. நீக்க வேண்டுமானால் கீழவை குற்றம் சாட்டி, செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தண்டிக்க வேண்டும். வாலஸ் எவ்வளவு கத்தினாலும் ஒன்றும் நடக்காததற்கு இதுதான் காரணம். தேர்தலில் நிற்கிற மாநில நீதிபதி யாராவது 1956ல் அந்த பஸ் தீர்ப்பை எழுதியிருந்தால் அடுத்த தேர்தலோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

வயதானவர்கள் வேலையை விடாமல் பாரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு, மூத்த நீதிபதி நிலை. இப்போதைய விதிப்படி வயதும் பணி ஆண்டும் சேர்ந்து 80 வர வேண்டும். குறைந்தது 65 வயது, 15 வருடப் பணி. வயது ஏற ஏறப் பணி ஆண்டு குறைந்து, 70 வயதில் 10 வருடம் போதும். அந்த நிலைக்குப் போனதும் அவருடைய இடம் காலியாகி ஜனாதிபதி புதியவரை நியமிப்பார். ஆனால் இவரும் வழக்கு கேட்கலாம். பதவியின் சம்பளம் தொடர, முழுநேர நீதிபதியின் வேலையில் குறைந்தது கால் பங்கு செய்ததாக ஆண்டுதோறும் சான்று வேண்டும்.

ஜான்சன் விஷயத்தில் நடுவில் ஒரு திருப்பம் இருந்தது. 1977 ஆகஸ்டில் ஜனாதிபதி கார்ட்டர் அவரை எஃப்பிஐ இயக்குநராக முன்மொழிந்தார். ரத்தக்குழாய் வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை, குணமாக நாளாயிற்று, நவம்பரில் விலகிவிட்டார். 1979ல் அதே கார்ட்டர் ஐந்தாவது சர்க்யூட்டுக்கு, அதாவது அந்த வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, உயர்த்தினார். 1981 அக்டோபர் 1ல் அந்த சர்க்யூட் பிரிந்தபோது அலபாமா, ஜார்ஜியா, ஃபுளோரிடா மூன்றும் புதிய பதினோராவது சர்க்யூட்டாயின. இவரும் அங்கே போனார்.

மேல்முறையீட்டுக் காலத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது 1985ன் ஹார்ட்விக் வழக்கு. வயது வந்த இருவர் வீட்டுக்குள் சம்மதத்தோடு நடத்தும் ஓரினச்சேர்க்கையையும் குற்றமாக்கிய ஜார்ஜியா சட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார். மறு வருடம் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கில் அதை மாற்றியது. 2003ல் லாரன்ஸ் எதிர் டெக்சஸ் தீர்ப்பில் அதே நீதிமன்றம் 1986 தீர்ப்பைத் தவறு என்று தள்ளியது. ஜான்சன் அதைப் பார்க்க இருக்கவில்லை. இதுபோல் முன்பும் ஒரு முறை: 1972ல் விமானப்படை லெப்டினன்ட் ஷாரன் ஃபிரான்டியேரோ, ஆண் அதிகாரிகளின் மனைவிக்குக் கிடைக்கும் படியைத் தன் கணவருக்கும் கேட்டபோது அமர்வில் ஜான்சன் மட்டும் அவர் பக்கம் எழுதினார், அடுத்த வருடம் உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்றில் அந்தப் பக்கம் வந்தது.

உங்கள் 44ஐ மட்டும் சரிசெய்துவிடுகிறேன். மாவட்ட நீதிபதியாக 1955 அக்டோபர் முதல் 1979 ஜூன் வரை 23 வருடம் 8 மாதம். மேல்முறையீட்டில் முழுநேரமாக 1991 அக்டோபர் 30 வரை, அதாவது அவருடைய 73வது பிறந்தநாள் வரை, 12 வருடம் 4 மாதம். மூத்த நீதிபதியாக 1999 ஜூலை 23 வரை கிட்டத்தட்ட 7 வருடம் 9 மாதம். கூட்டினால் 43 வருடம் 9 மாதம்.